சிவப்புப் பொத்தான் மரியாதை

கூட்டம் நல்லபடியாக முடிந்துவிட்டது. பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

மினெகிஷி கணினிக்கு முன்னால் தலை குனிந்திருந்தார். திரையின் அந்தப் பக்கம் நாகாவோகா ஊரின் ஊறுகாய்க் கடை முதலாளி முராகோஷியும் தலை குனிந்திருந்தார். மினெகிஷி கண்ணை மட்டும் மெல்ல உயர்த்திப் பார்த்தார். பெரியவரின் வழுக்கை மட்டும் தெரிந்தது. இன்னும் நிமிரவில்லை! சட்டென்று இவர் மறுபடி குனிந்தார். அந்த நேரம் பார்த்துப் பெரியவர் நிமிர்ந்தார். எதிரே தலை குனிந்திருப்பதைக் கண்டு, முனகிக்கொண்டே தானும் மறுபடி குனிந்தார்.

"ரொம்ப நன்றிங்க ஐயா."

"நான்தானேப்பா நன்றி சொல்லணும்."

"அப்போ, இத்தோட..."

"ஆமா, இத்தோட..."

"நீங்க முதல்ல, ஐயா."

"இல்லல்ல, நீங்க முதல்ல."

இருவரும் இணைப்பை அணைக்கவில்லை.

மினெகிஷியை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கவாகுச்சி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒடுங்கிய தெரு இது. ஒரு வீட்டில் மீன் சுட்டால் ஏழு வீட்டுப் பூனைகள் வரும். அப்படிப்பட்ட தெருவில் அவர் என்ன வேலை செய்கிறார் என்பது மட்டும் தெரியாமல் போகுமா? சாப்பாட்டுப் பெட்டியில் சோற்றுக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் பல் பல்லாக வெட்டிய ஒரு பச்சைப் பிளாஸ்டிக் இலை நிற்குமே, அதைச் செய்யும் கம்பெனியில் உதவிப் பிரிவுத் தலைவர். தின்ன முடியாத, ஆனால் இல்லாவிட்டால் பெட்டி மொட்டையாகத் தெரிகிற பொருள். மினெகிஷியும் ஏறக்குறைய அப்படித்தான் என்று அவர் மனைவி சயோகோவே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

அந்த இலைக்கு இப்போது கெட்ட காலம். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டும் தாய்மார்கள் எல்லாம் பெட்டியைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். படத்தில் பச்சை இலை இருந்தால் "ஐயே, ரயில்வே சாப்பாடு மாதிரி இருக்கு" என்று ஒருத்தி எழுதுவாள். அவ்வளவுதான். நிஜக் கீரை, துணி மாதிரி மடங்கும் கிண்ணம், பூப்போட்ட காகிதம் என்று எல்லோரும் அங்கே தாவிவிட்டார்கள். விற்பனை சரிந்தது. கடைசி நம்பிக்கை, முராகோஷி ஊறுகாய்க் கடையின் புதிய பரிசுப் பெட்டி. அதற்கு இலை போடும் ஆர்டர் கிடைத்தால் மினெகிஷியின் பிரிவு பிழைக்கும். கிடைக்காவிட்டால் பிரிவை மூடிவிட்டு அவரை வடக்கே அபாஷிரிக் கிளைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே கடலே உறைந்து கிடக்கும்.

"நீங்க மட்டும் போங்க. நான் பனிக்கட்டியில துணி காயப்போட வரமாட்டேன்" என்று சயோகோ தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. அது குப்பை போடும் இடத்தில், எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்ன தீர்ப்பு.

ஆகவே அந்தக் கூட்டம் அவருக்கு உயிர்க் கூட்டம்.

முராகோஷி பெரியவர் ஆயுள் முழுக்கத் தொலைநகலிலேயே வியாபாரம் செய்தவர். போன வருஷம் அந்த இயந்திரம் செத்துப்போனது. பழுது பார்க்க வந்தவன் அதற்குப் பாகமே கிடைக்காது என்று சொல்லிக் கைகூப்பிவிட்டுப் போய்விட்டான். அதிலிருந்து, அலுவலகத்தில் வேலை பார்க்கும் எனாமி என்ற பெண் கணினியைத் திறந்து வைத்தால் பெரியவர் அதற்கு முன்னால் வந்து உட்காருவார். பின்னால் ஊறுகாய்ப் பீப்பாய்கள் வரிசையாக நிற்கும்.

அன்றைக்குக் கூட்டம் தொடங்கியதுமே பெரியவர் சொன்னார்: "காலையிலேருந்து ரெண்டு கம்பெனிக்காரங்க இதே திரையில வந்துட்டுப் போனாங்க. அப்பப்பா! குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பே போச்சு."

மினெகிஷி அதை மனதில் முடிந்துகொண்டார். போட்டிக்காரர்கள் பெரியவரின் இடுப்பு போகிற அளவுக்கு மரியாதை காட்டியிருக்கிறார்கள். நாம் ஒருபடி மேலே போகவேண்டும்.

விலை சொன்னார், மாதிரி காட்டினார், இலையின் பல் கூர்மையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பெரியவர் "ம், ம், ஆமாம், சரி" என்று தலையாட்டினார். "நாளைக்குக் காலையில முடிவு சொல்றேன்" என்றார். எல்லாம் முடிந்தது. மிச்சம், சிவப்புப் பொத்தானை அமுக்குவது மட்டும்தான்.

அதை யார் அமுக்குவது?

கம்பெனி இணையத்துக்கு மாறியபோது எல்லோருக்கும் ஒரு வகுப்பு நடத்தினார்கள். அனசாவா அம்மையார் என்று ஒரு மரியாதை ஆசிரியை. கையெழுத்துக்குப் பதிலாக முத்திரையைக் காகிதத்தில் குத்தும்போது மேலதிகாரியின் முத்திரைப் பக்கம் சற்றுச் சாய்த்துக் குத்துவோம் இல்லையா, தலை வணங்குவது போல? கணினி முத்திரை நேராக நிற்கிறது, திமிராகத் தெரிகிறது என்று கண்டுபிடித்து, அதையும் சாய்க்க ஒரு வழி செய்யவைத்தவர் அவர்தான். அவர் வகுப்பில் சொன்னார்: "சிவப்புப் பொத்தான் என்பது வாசல் கதவு. வாடிக்கையாளர் முகத்தில் கதவைச் சாத்துவீர்களா?"

மினெகிஷி சாத்தமாட்டார். செத்தாலும் சாத்தமாட்டார்.

இதெல்லாம் எங்கே நடந்தது என்று சொல்லவில்லையே. மெத்தை அலமாரிக்குள். வீட்டில் இருந்து வேலை என்று கம்பெனி சொன்னபோது அவர் வீட்டில் மிச்சம் இருந்த ஒரே இடம் அதுதான். சறுக்குக் கதவைக் கழற்றி, கீழ்த் தட்டில் ஒரு குட்டி மேசை போட்டுக் கணினியை வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மெத்தைகள் பகலில் மாடிக் கைப்பிடியில் வெயில் காயும். சாயங்காலம் அவர் வெளியே வருவார், மெத்தைகள் உள்ளே போகும். தலைக்கு மேலே பலகை. குனியும்போது பிரச்சினை இல்லை. நிமிரும்போதுதான் 'ணங்' என்று கேட்கும். எதிர்வீட்டிலேயே கேட்கும்.

அன்றைக்குத் தொடர்ந்து கேட்டது.

இன்னும் ஆழமாகக் குனிந்தால், தான் குனிந்திருக்கும் நேரத்தில் பெரியவர் நிம்மதியாக அணைத்துவிட்டுப் போவார் என்று மினெகிஷி கணக்குப் போட்டார். நெற்றி மேசையில் படும்வரை குனிந்தார். மனதுக்குள் ஒரு பழைய பள்ளிக்கூடப் பாட்டை முழுதாகப் பாடி முடித்தார். நிமிர்ந்தார். ணங்.

திரையில் பெரியவர் இன்னும் ஆழமாகக் குனிந்திருந்தார். இப்போது வழுக்கைகூடத் தெரியவில்லை. பீப்பாய்கள் மட்டும் தெரிந்தன. ஒரு ஓரத்தில் எனாமி தேநீர்க் கோப்பையோடு வந்து, திரையைப் பார்த்துக் குனிந்து, கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.

"ஐயா, தேநீர் ஆறிடப் போகுது. நீங்க முதல்ல..."

"பரவாயில்லப்பா, ஆறட்டும். நீங்க முதல்ல, தயவுசெஞ்சு." பெரியவரின் குரல் மேசைக்கு அடியிலிருந்து வந்தது.

மினெகிஷி கைபேசியை மடியில் வைத்து, குனிந்த வாக்கிலேயே வழி தேடினார். இந்தக் காலத்தில் எதைக் கேட்டாலும் சொல்லித்தர ஒரு முகம் கைபேசிக்குள் காத்திருக்கிறது. முதல் காணொளியில் ஓர் அம்மாள், தாழ்ந்தவர் கடைசியில்தான் வெளியேறவேண்டும் என்றாள். இரண்டாவதில் ஒருவர், கூட்டத்தைக் கூட்டியவரே அதை முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் விருந்தாளி பூட்டிய வீட்டில் மாட்டிக்கொள்வார் என்றார். மூன்றாவதில் ஓர் இளைஞன், பொத்தானை அமுக்குமுன் பொத்தானுக்கும் ஒருமுறை தலை வணங்குவது நல்லது என்றான்.

மினெகிஷிக்குத் தலை சுற்றியது. அவர்தான் தாழ்ந்தவர், அவர்தான் கூட்டியவரும். அப்படியானால் அவர் முதலிலும் போகவேண்டும், கடைசியிலும் போகவேண்டும்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. உறைந்துபோனால்? இணைப்பு சரியில்லாதபோது படம் அப்படியே நின்றுவிடுமே, அதுபோல நடித்தால்? 'பாவம், அந்தப் பக்கம் நெட் போயிடுச்சு' என்று பெரியவர் அணைத்துவிடுவார். யார் முகத்திலும் யாரும் கதவைச் சாத்தியதாகாது.

பாதி குனிந்து, பாதிச் சிரிப்போடு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி மினெகிஷி உறைந்தார். அருமையாக உறைந்தார். சாமி சிலை தோற்றுவிடும்.

"மினெகிஷி? என்னப்பா ஆச்சு?" பெரியவர் திரைக்கு அருகே வந்தார். அவருடைய மூக்கு திரையை நிறைத்தது. "எனாமி! இங்க வாம்மா, இந்த ஆளு நின்னுபோயிட்டாரு!"

எனாமி வந்து எட்டிப் பார்த்தாள். "நெட் பிரச்சினையா இருக்கும் ஐயா. ஆனா கண்ணு மட்டும் சிமிட்டுதே?"

மினெகிஷி கண்ணையும் நிறுத்தினார்.

இது தேவதாரு மகரந்தம் பறக்கிற மாதம். எங்கள் தெருவில் ஆளுக்கொரு மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிகிற காலம். மினெகிஷியின் மூக்கு நுனியில் ஓர் அரிப்பு தொடங்கியது. உள்ளே போனது. புருவத்துக்கு நடுவே ஏறியது. சிலையின் உதடு நடுங்கியது.

"அஅஅச்சூ!"

ணங்.

"மன்னிக்கணும் ஐயா! மன்னிக்கணும்! திரையில தும்மிட்டேன்!"

"அட, வந்துட்டாரு! பரவாயில்லப்பா, பரவாயில்ல!"

தும்மலுக்கு இவர் குனிந்தார். மன்னித்ததற்கு அவர் குனிந்தார். கணக்கு பழையபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கியது.

வேறு வழியில்லாமல் மினெகிஷி தன் பிரிவுத் தலைவர் உன்னோவுக்கு மடியிலிருந்தே செய்தி அனுப்பினார்: 'கூட்டம் முடிந்தது. முடிக்க முடியவில்லை. உதவி தேவை.'

உன்னோ உடனே கூட்டத்துக்குள் நுழைந்தார். திரையில் மூன்றாவது கட்டம் முளைத்தது.

"முராகோஷி ஐயா, வணக்கம்! எங்க ஆளுக்கு நேரம் குடுத்ததுக்குக் கோடி நன்றி. அப்போ நாங்க..."

"ஆமா ஆமா, நீங்க..."

உன்னோ குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அவருக்கும் இப்போது அதே சிக்கல். வாடிக்கையாளருக்கு முன்னால் அவர் போகமுடியாது. உன்னோவுக்கு முன்னால் மினெகிஷி போகமுடியாது. ஒரு ஆளைக் கிணற்றிலிருந்து தூக்க இறங்கியவரும் கிணற்றுக்குள்ளேயே நின்றார்.

கைபேசி அதிர்ந்தது. உன்னோவின் செய்தி: 'யோவ், என்னையும் மாட்டிவிட்டுட்டியே!'

'நீங்கள்தானே உள்ளே வந்தீர்கள்' என்று எழுதி, அதை அழித்து, 'மன்னிக்கவும்' என்று அனுப்பினார் மினெகிஷி.

உன்னோ தன் மேலதிகாரியான இயக்குநர் இகாராஷிக்குச் சொன்னார். பெரிய தலை வந்தால்தான் பெரிய தலைக்குச் சமமாக நிற்கும் என்பது அவர் கணக்கு. நான்காவது கட்டம் முளைத்தது. இகாராஷி கம்பீரமாகத் தொண்டையைச் செருமினார்.

"முராகோஷி ஐயா! எங்க கம்பெனி சார்பா..."

குனிந்தார். அவ்வளவுதான், அவரும் மாட்டிக்கொண்டார்.

இப்போது திரையில் மூன்று உச்சந்தலைகளும் ஒரு வழுக்கையும் இருந்தன. ஒன்று எழும், மூன்று விழும். இரண்டு எழும், இரண்டு விழும். படம் கொஞ்சம் தாமதமாக வருவதால் ஒருவர் எழுவது இன்னொருவருக்குத் தெரிவதற்குள் அவர் மறுபடி விழுந்திருப்பார். கிணற்றங்கரைத் தவளைகள் போல நான்கு பேரும் மாறி மாறி மூழ்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கம்பெனியே வந்துடுச்சே!" என்று பெரியவர் சொன்னது கேட்டது. அவர் கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனாமி ஆறிய தேநீரை எடுத்துக்கொண்டு புதுத் தேநீர் வைத்துவிட்டுப் போனாள்.

'இடுப்பைப் பிடிக்கிறார். நம் மரியாதை வேலை செய்கிறது' என்று மினெகிஷி நினைத்துக்கொண்டார்.

இந்த நேரத்தில் எங்கள் தெருவில் மேகம் கூடியது.

சயோகோ சமையலறையில் இருந்தாள். அன்று பெண் குழந்தைகளின் பொம்மைத் திருநாள். மகள் வகானா வருவதற்குள் திருநாளுக்கென்று வினிகர்க் காடிச் சோறு கலக்கவேண்டும். சூடான சோற்றில் காடியை ஊற்றி, ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையால் சோற்றுக் கரண்டியைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல், யாருடையது என்பது இங்கே முக்கியமில்லை, கத்தியது:

"சயோகோ! மழை வருது! மெத்தை நனையுது!"

சயோகோ கரண்டியோடு ஓடினாள். கைக்கு எட்டிய மெத்தையை வாரி அணைத்துக்கொண்டு அலமாரிக்கு வந்தாள். அலமாரியில் புருஷன் இருந்தான்.

"என்னங்க, வெளிய வாங்க!" குரலை அடக்கிக் கேட்டாள்.

"முடியாது. கூட்டம்." உதடு அசையாமல் பதில் வந்தது.

"முடிஞ்சிடுச்சுன்னு அப்பவே சொன்னீங்களே?"

"முடிஞ்சிடுச்சு. முடியலை."

"உங்களுக்கு ஜுரமா?"

"பெரியவர் அணைக்கிற வரைக்கும் நான் அணைக்கக் கூடாது. உன்னோ ஐயா இருக்காரு. இயக்குநர் ஐயாவே இருக்காரு. போ போ, கேமராவுல விழுந்துடாதே."

சயோகோ ஓரமாக நின்று திரையைப் பார்த்தாள். வணங்கும் தலைகளைப் பார்த்தாள். தன் கையில் நனைந்து கனக்கும் மெத்தையைப் பார்த்தாள். மாடியில் இன்னும் இரண்டு மெத்தைகள் மழையில் கிடந்தன.

"நம்ம வகானாவோட ஆன்லைன் வகுப்புல பிள்ளைங்க 'டீச்சர், போயிட்டு வரேன்'னு சொல்லிட்டு டப்பு டப்புன்னு அணைச்சுட்டுப் போகுதுங்க. நான் கண்ணால பார்த்தேன்."

"அது பிள்ளைங்க."

"நீங்க என்னவாம்? நாலு பேரும் முட்டை போடுற கோழி மாதிரி உக்காந்துட்டு?"

"சயோகோ, இந்த ஆர்டர் போச்சுன்னா அபாஷிரிதான். புரியுதா?"

"ராத்திரி நனைஞ்ச மெத்தையில படுத்தா இங்கயே அபாஷிரிதான்."

மினெகிஷியின் கண் திரைக்குப் போனது. இயக்குநர் தலை தாழ்வது தெரிந்தது. கூடவே உன்னோவும் தாழ்ந்தார். மினெகிஷியும் நெற்றியை மேசையில் வைத்தார். அன்று முழுவதும் ஒத்துவராத மூன்று தலைகளும் அந்தக் கணத்தில்தான் ஒன்றாகக் குனிந்தன.

சயோகோ கையை நீட்டினாள்.

மினெகிஷி நிமிர்ந்தபோது, ணங், திரை கறுப்பாக இருந்தது. பொத்தான் இருந்த இடத்தில் ஒரு பருக்கைச் சோறு ஒட்டியிருந்தது.

"என்ன பண்ணின?"

"மெத்தைக்கு இடம் பண்ணினேன். நகருங்க."

கூட்டத்தைக் கூட்டியது மினெகிஷி. அவர் கணினியில் அணைத்தால் எல்லோருக்கும் அணைந்துவிடும். உலகத்தின் நான்கு மூலைகளில் நான்கு திரைகள் ஒரே நேரத்தில் இருண்டன. வாடிக்கையாளர், பிரிவுத் தலைவர், இயக்குநர், மூன்று முகங்களிலும் ஒரே அடியில் கதவு சாத்தப்பட்டது.

கைபேசி அலறியது.

"யார்யா அணைச்சது?" உன்னோ கேட்டார்.

மினெகிஷி மெத்தையைத் திணித்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். "நெட்... நெட் போயிடுச்சு ஐயா. மழை."

"மழையில நெட் போகுமா?"

"எங்க தெருவுல போகும் ஐயா."

எங்கள் தெருவில் அன்று எந்த வீட்டிலும் நெட் போகவில்லை. சும்மா தெருவின் மேல் பழி.

"மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுடட்டுமா ஐயா?"

"பைத்தியமா உனக்கு? மறுபடி கூப்பிட்டா மறுபடி முடிக்கணும்யா!" உன்னோ பெருமூச்சு விட்டார். "இயக்குநர் ஐயா சொல்றாரு, நேர்லதான் போகணுமாம். நாளைக்கு முதல் வண்டியைப் பிடி. அவர் முடிவு சொல்றதுக்குள்ள கால்ல விழுந்துடு. கனமான பெட்டியா வாங்கிட்டுப் போ."

பெட்டி என்றால் இனிப்புப் பயற்றங்கட்டிப் பெட்டி. எங்களுக்குத் தெரியும், சின்னத் தப்புக்கு பிஸ்கட் போதும். பெரிய தப்புக்குப் பயற்றங்கட்டி. எடை கூடக் கூட வருத்தமும் கூடுவதாக அர்த்தம். மினெகிஷி நிலையத்துக் கடையில் இருந்ததிலேயே பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடி புல்லட் ரயிலில் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு.

வழியெல்லாம் அவர் வசனத்தை ஒத்திகை பார்த்தார். எப்படிச் சொன்னாலும் ஒரு விஷயம் பளிச்சென்று விளங்கவேண்டும்: அது மனிதன் செய்த காரியம் அல்ல. இயந்திரம் செய்தது. மழை செய்தது. மனைவி என்ற பேச்சே வரக்கூடாது.

நாகாவோகாவில் இன்னும் கூரைகளில் பனி மிச்சமிருந்தது. எனாமி வாசலில் வீட்டுச் செருப்பை எடுத்து வைத்துச் சிரித்த முகத்தோடு வரவேற்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மினெகிஷி பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு மரியாதையாக வரவேற்றால் நிச்சயம் கோபமாகத்தான் இருக்கிறார்கள்.

முராகோஷி பெரியவர் உள்ளே தேநீரோடு உட்கார்ந்திருந்தார். நேற்றைவிட உற்சாகமாக இருந்தார். இடுப்புக்கு ஒரு பட்டை கட்டியிருந்தார்.

"அட, வாங்க வாங்க! இவ்வளவு காலையிலயா? நானே போன் பண்ணலாம்னு இருந்தேன்."

மினெகிஷி மண்டியிட்டு, பெட்டியை முன்னால் தள்ளி, தரையில் நெற்றி படக் குனிந்தார். இங்கே பலகை இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் குனியலாம்.

"நேத்து நடந்தது மன்னிக்கவே முடியாத தப்பு ஐயா!"

"எது?"

"கூட்டம் திடீர்னு அணைஞ்சது."

"ஓ, அதுவா!" பெரியவர் சிரித்தார். "எழுந்திருப்பா. அதுக்காகவா இவ்வளவு தூரம்?"

'பெருந்தன்மை' என்று மினெகிஷி நினைத்தார். பெருந்தன்மை காட்டும்போதுதான் இன்னும் அழுத்தமாக மன்னிப்புக் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் அதையே நம்பிவிட்டதாக ஆகும்.

"மழையில எங்க தெரு நெட் போயிடுச்சு ஐயா. எங்க பக்கத்துலேருந்து யாரும் அணைக்கலை. அதை மட்டும் நீங்க நம்பணும்."

பெரியவர் கையிலிருந்த கோப்பை பாதி வழியில் நின்றது.

"யாரும் அணைக்கலையா?"

"யாரும் இல்லை ஐயா."

"யாரோட கையும் இல்லையா?"

"கையா!" மினெகிஷி பதறிப்போனார். "ஐயா, பேசிட்டு இருக்கிறப்பவே கைநீட்டி அணைக்கிற அப்படியொரு கை எங்க கம்பெனியில கிடையவே கிடையாது. இனிமேலும் இருக்காது. நீங்களா அணைக்கிற வரைக்கும், விடிய விடிய ஆனாலும், நாங்க குனிஞ்சுட்டேதான் இருப்போம். என்னை நம்புங்க!"

பெரியவரின் கை தானாக இடுப்புக்குப் போனது. முகத்திலிருந்த உற்சாகம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கோப்பையைக் கீழே வைத்தார்.

"குனிஞ்சுட்டேதான் இருப்பீங்களா?"

"எப்பவும் ஐயா! ஒவ்வொரு கூட்டத்துலயும்!"

"ஒவ்வொரு கூட்டத்துலயும்..." பெரியவர் பீப்பாய்களைப் பார்த்தார். மெல்ல எழுந்தார். "சரிப்பா. அப்போ நான் கொஞ்சம் யோசிக்கணும்."

உள்ளே போய்விட்டார்.

வியாபாரத்தில் 'யோசிக்கணும்' என்றால் என்னவென்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். பெண் பார்த்துவிட்டு 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுறோம்' என்று சொல்வது போலத்தான். மினெகிஷிக்கு ஒன்றுமே புரியவில்லை. வந்தபோது சிரித்த மனிதர், மன்னிப்புக் கேட்கக் கேட்க ஏன் வாடினார்? பெட்டி போதுமான கனம் இல்லையா? குனிந்தது குறைவா? ஒரு மனிதன் தரையைத் தாண்டி எங்கேதான் குனிவான்?

உறைந்த கடலும், அதன் கரையில் தன்னந்தனியாகத் துணி காயப்போடும் தானும் அவர் கண்ணுக்குத் தெரிந்தன.

வாசலில் அவர் தட்டுத்தடுமாறிக் காலணி போட்டுக்கொண்டிருந்தபோது, எனாமி ஓடிவந்து குதிகாலைக் காலணிக்குள் நுழைக்க உதவும் கரண்டியை நீட்டினாள். அவள் முகமும் வாடியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"ஏங்க, அப்போ நேத்து திரையில வந்துச்சே, சோத்துக் கரண்டி பிடிச்ச கை, அது உங்க கம்பெனி ஆளு இல்லையா? மூணு கம்பெனியிலயும் அந்தக் கை ஒண்ணுதான் உருப்படியான கைன்னு சொல்லி, பெரியவர் இன்னிக்கு வந்ததும் வராததுமா உங்க ஒப்பந்தத்துலதானே முத்திரை குத்தி வெச்சிருந்தாரு!"